தொட்டியிலிருந்து கைபேசி வரை

சென்ற சித்திரையில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், மாமனார் அழைத்தார். "மாப்பிள்ளை, போன்ல மோட்டார் ஓடுதுன்னு காட்டுதுங்க. தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி ஏறலைங்க" என்றார். பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கும் அவருடைய தென்னந்தோப்பில், மேட்டுப் பக்கத்துத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்ப்பதற்கும், வீட்டை ஒட்டிய கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே இயக்குவதற்கும் ஓர் ஏற்பாட்டை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். கோவையில் என் கணினியில் பார்த்தபோது எல்லாமே ஒழுங்காக இருந்தன. அவர் கொடுத்த கட்டளை சர்வருக்கு வந்திருந்தது, சர்வர் அதை மோட்டார் அறைக் கருவிக்கு அனுப்பியிருந்தது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கருவியும் திருப்பி அனுப்பியிருந்தது, மின்சுவிட்சாக வேலைசெய்யும் ரிலேயும் மூடி, சுற்றை இணைத்திருந்தது. ஆனால் மோட்டார் ஓடவில்லை.

காரணம் எளியது. அன்று மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வரவில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருந்த பாதுகாப்பு ரிலே, மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க, அதை ஓடவிடாமல் தடுத்துவிட்டது. என்னுடைய கட்டுப்பாட்டுக் கருவிக்கோ மின்சாரம் இருந்த இன்னொரு முனையிலிருந்து இணைப்பு. ஆகவே அது விழித்திருந்தது, வைஃபையில் இருந்தது, கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னது. எந்த அடுக்கும் பொய் சொல்லவில்லை. செய்தி சேர்ந்தது என்று ஓர் அடுக்கு சொன்னதை, வேலை நடந்தது என்று நான் கைபேசித் திரையில் மொழிபெயர்த்ததுதான் பிழை. அன்றிலிருந்து, இந்தக் கருவிகளையும் மேகக் கணிமையையும் (இணையம் வழியே பயன்படுத்தும் தொலைதூரச் சர்வர்களையும்) இணைக்கும் அடுக்குகள் ஒவ்வொன்றும் எதற்குப் பொறுப்பேற்கிறது, எங்கே நிறுத்திக்கொள்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உணரிகளையும் கருவிகளையும் இணையத்தோடு சேர்க்கும் இந்தப் 'பொருள்களின் இணைய' (ஐ.ஓ.டி.) கட்டமைப்பைப் பாடநூல்கள் மூன்று அடுக்காகவோ ஐந்து அடுக்காகவோ வரைந்து காட்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-இல் வெளியிட்ட மாதிரியில், கருவி, வலையமைப்பு, சேவைத் துணை, பயன்பாடு என்று நான்கு அடுக்குகள் உண்டு. மேலாண்மையும் பாதுகாப்பும் தனி அடுக்குகளாக இல்லாமல், நான்கையும் பக்கவாட்டில் ஊடுருவி நிற்கும் தூண்களாக அதில் வரையப்பட்டிருக்கும். எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. பாதுகாப்பைத் தூணாக வரைந்தது மட்டும் மிகச் சரியானது என்று நினைக்கிறேன். மற்றபடி, ஓர் அளவீடு தொட்டியிலிருந்து புறப்பட்டுக் கைபேசிக்கு வந்து சேரும் வழியைப் பின்தொடர்ந்தாலே அடுக்குகள் தாமாகத் தெரிந்துவிடும்.

தொட்டியின் மூடியில் நீர்புகாத மீயொலி உணரி ஒன்று கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஒலித்துடிப்பை அனுப்பி, நீரின் மேற்பரப்பில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. சாதாரண வெப்பநிலையில், 1 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்வர ஒலிக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி ஆகும். கவனிக்கவேண்டியது, அது அளப்பது நேரத்தைத்தான். தூரம் என்பது நாம் கணக்கிட்டுப் பெறுவது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். வெயிலில் காயும் தொட்டிக்குள் காற்று 40 டிகிரியைத் தொட்டால், 184 சென்டிமீட்டர் தூரத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்துவிடும். ஆகவே ஒரு சிறு வெப்ப உணரியையும் சேர்த்தேன். இந்தத் திருத்தக் கணக்கை எந்த அடுக்கில் செய்வது என்பதுதான் நான் எடுத்த முதல் கட்டமைப்பு முடிவு. முதலில் கருவியிலேயே செய்தேன். சூத்திரத்தில் ஒரு தவறு தெரிந்தபோது, ஏணி வைத்துத் தொட்டிமேல் ஏறி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நிரலை மாற்றவேண்டியிருந்தது. அதன் பிறகு கருவி அளந்ததை அளந்தபடியே அனுப்பட்டும், திருத்தம் சர்வரில் நடக்கட்டும் என்று மாற்றிக்கொண்டேன். கீழே இருக்கும் கருவி எவ்வளவு குறைவாகச் சிந்திக்கிறதோ அவ்வளவு குறைவாக நாம் ஏணி ஏறுவோம். மோட்டாரை நிறுத்துவது போன்ற அவசர முடிவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இணையம் இல்லாத நேரத்திலும் அவை நடந்தாகவேண்டும்.

தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையே ஏறக்குறைய 800 மீட்டர், அத்தனையும் தென்னை. வைஃபை அங்கே எட்டாது. தொட்டியருகே மின் இணைப்பும் கிடையாது, மின்கலம்தான். இத்தகைய இடத்துக்கென்றே பிறந்தது லோரா வானொலி முறை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் இருந்த சைக்லியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய இதை, 2012-இல் செம்டெக் நிறுவனம் வாங்கியது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், வரையறுத்த ஆற்றலுக்குள், உரிமம் பெறாமல் இதைப் பயன்படுத்தலாம். அலைவெண்ணைச் சீழ்க்கை போலக் கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டு போவதுதான் இதன் உத்தி. இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிட்ட குறிப்பலையையும் அந்த இழுப்பை வைத்தே மறுமுனை அடையாளம் கண்டுகொள்ளும்.

தூரம் எட்டுவதற்கு விலையாக நேரத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. செய்தியை எவ்வளவு மெதுவாக இழுத்து அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் பரவல் எண் என்று ஓர் அமைப்பு இதில் 7 முதல் 12 வரை உண்டு. 10 பைட் தகவலை 7-இல் அனுப்பினால் அது காற்றில் இருக்கும் நேரம் சுமார் 60 மில்லி விநாடி. 12-இல் அனுப்பினால் ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியும் மின்கலம் கரையும்; அக்கம்பக்கத்தில் அதே அலைவெண்ணில் பேச நினைக்கும் கருவிகளுக்கும் அது இடைஞ்சல். மெதுவான அமைப்பில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் உச்சவரம்பு. எனவே இங்கே எழுத்துகளாக அனுப்புவது வீண்செலவு. நீர்மட்டத்துக்கு 2 பைட், வெப்பத்துக்கு 1, மின்கல அழுத்தத்துக்கு 2 என 5 பைட்டில் முடித்துக்கொண்டேன். லோராவுக்கு மேலே அமரும் லோராவான் நெறிமுறை (கருவிகள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு), இந்த 5 பைட்டுக்கு முகவரியும் வரிசை எண்ணும் சரிபார்ப்புக் குறியும் சேர்த்து 13 பைட்டைத் தன் பங்காகக் கூட்டுகிறது. கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் பழைய செய்தியை ஒருவர் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் வரிசை எண்தான் காட்டிக்கொடுக்கும்.

லோராவானில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரட்டைச் சாவி. செய்தி இந்தக் கருவியிலிருந்துதான் வந்தது என்று வலையமைப்பு சர்வர் உறுதிசெய்துகொள்ள ஒரு சாவி. உள்ளே இருக்கும் தகவலைப் பயன்பாட்டுச் சர்வர் மட்டும் திறந்து பார்க்க இன்னொரு சாவி. இரண்டும் 128 பிட். தபால்காரர் உறையின் மேல் உள்ள முகவரியைப் படிக்கலாம், உறையைப் பிரிக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் கேட்வேயிடம் இந்த இரு சாவிகளில் எதுவும் இல்லை. காற்றில் கேட்டதை, கேட்ட நேரத்தையும் குறிப்பலையின் வலிமையையும் குறித்து, அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை. ஒரே செய்தி இரண்டு கேட்வேகளுக்குக் கேட்டால் இரண்டும் அனுப்பும். ஒன்றைக் கழிப்பது சர்வரின் பொறுப்பு. ஆகவே கேட்வே பழுதானால் புதியதை வாங்கி மாட்டிவிடலாம். தொட்டியில் இருக்கும் கருவிக்கு அது தெரியக்கூட வேண்டியதில்லை. அடுக்குகளைப் பிரித்து வைத்ததன் பயனை நான் கையால் தொட்டு உணர்ந்தது, இடி விழுந்து பழைய கேட்வே போன மறுநாள் புதியது அரை மணி நேரத்தில் வேலைசெய்யத் தொடங்கியபோதுதான்.

இனி மேல்தளம். நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் 5 பைட்டும் பிரிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, 184 என்ற எண்ணாகிறது. அங்கிருந்து கைபேசிக்குப் போவது எம்.க்யூ.டி.டி. நெறிமுறையில். இதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு உண்டு. நடுவில் இருக்கும் புரோக்கர் என்ற இடைநிலை நிரல், அந்தத் தலைப்புக்குப் பதிவுசெய்துகொண்ட எல்லோருக்கும் அதை விநியோகிக்கும். தலைப்புகள் யூனிகோடில் அமைவதால் தமிழிலேயே வைக்கலாம். நான் "தோப்பு/தொட்டி/மட்டம்" என்று வைத்திருக்கிறேன். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள்; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஒவ்வொரு சொல்லிலும் ஆறு குறிகள். இடையில் இரண்டு சாய்கோடுகள். ஆக 56 பைட். 184 என்ற மூன்று இலக்கத்துக்கு 3 பைட், எம்.க்யூ.டி.டி.யின் சொந்தத் தலைப்பகுதிகளுக்கு (தகவலுக்கு முன்னால் வரும் உறை விவரங்களுக்கு) 6 பைட், ஆக 65. அதை மறைகுறியாக்கும் டி.எல்.எஸ். அடுக்கு 22 பைட் சேர்க்கும். இணையத்தில் தகவலைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. அடுக்கு குறைந்தது 20, முகவரியிடும் ஐ.பி. அடுக்கு 20. மொத்தம் 127 பைட். மூன்று இலக்கத்துக்கு 127 பைட் என்பது அகலப்பட்டை இணைப்பில் ஒரு பொருட்டே இல்லை. அதனால் தமிழ்த் தலைப்பை நான் மாற்றவும் இல்லை. இதையே தொட்டி முனையில் செய்திருந்தால் ஒரு செய்திகூட நகர்ந்திருக்காது. எந்த அடுக்கில் எதைச் செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் ஒரே விடை கிடையாது.

தற்செயலாக, 127 பைட் என்பது இன்னொரு இடத்திலும் வரும் எண். வீட்டுக்குள் பயன்படும் ஜிக்பீ, த்ரெட் போன்ற கம்பியில்லா முறைகளுக்கு அடித்தளமான 802.15.4 தரத்தில் ஒரு சட்டகத்தின் (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டின்) உச்ச அளவே 127 பைட்தான். இணையத்தின் ஐ.பி. ஆறாம் பதிப்போ குறைந்தபட்சம் 1280 பைட்டைச் சுமக்கும் பாதையை எதிர்பார்க்கிறது. அதன் தலைப்பகுதி மட்டுமே 40 பைட். இந்த இரண்டையும் பொருத்துவதற்காக நடுவில் செருகப்பட்ட அடுக்குதான் சிக்ஸ்லோபான். 2007-இல் தரமாகி, 2011-இல் மேம்பட்ட அது, தலைப்பகுதியில் ஊகித்தறியக்கூடியவற்றையெல்லாம் விட்டுவிட்டு மீதியைச் சுருக்கி அனுப்பும். அதன்மேல், ஒப்புகை எதிர்பார்க்காமல் தகவலை அனுப்பும் யு.டி.பி.யில் இயங்கும், நான்கே பைட் தலைப்பகுதி கொண்ட கோஆப் நெறிமுறை 2014-இல் வந்தது. விளக்கும் பூட்டும் நிறைந்த வீட்டுக்கு இது அழகான ஏற்பாடு. தோப்புக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

எம்.க்யூ.டி.டி.யின் குணங்கள் அதன் பிறப்பிலிருந்து வந்தவை. 1999-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிப்பதற்காக இதை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, இணைப்பு எப்போது அறுபடும் என்று தெரியாத நிலை. அதனால்தான் தலைப்பகுதி 2 பைட்டில் தொடங்குகிறது. அதனால்தான் 'கடைசி உயில்' என்ற ஏற்பாடும் இருக்கிறது. கருவி இணைக்கும்போதே, நான் பேச்சுமூச்சின்றிப் போனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு என்று புரோக்கரிடம் கொடுத்து வைக்கும். கருவி தான் இருப்பதைத் தெரிவிக்கவேண்டிய உயிர்ப்பு இடைவெளி 60 விநாடி என்றால், அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடி வரை ஒன்றும் கேட்கவில்லையென்றால் புரோக்கர் அந்த உயிலை வெளியிடும். மின்சாரம் போனால் மோட்டார் அறைக் கருவி எனக்குத் தகவல் சொல்ல முடியாது. அதன் உயில் சொல்லும்.

இதே நெறிமுறைதான் என்னை ஒரு முறை கடுமையாகத் தண்டித்தது. ஒரு செய்தியை 'தக்கவை' என்று குறியிட்டு அனுப்பினால், புரோக்கர் அதை வைத்திருந்து, பிறகு இணையும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும். நீர்மட்டத்துக்கு அது மிகவும் வசதி. செயலியைத் திறந்தவுடன் கடைசி அளவு தெரிந்துவிடும். அந்த வசதியில் மயங்கி, மோட்டாருக்கான 'ஓடு' கட்டளையையும் தக்கவைத்து அனுப்பியிருந்தேன். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தியது கருவியின் சொந்த முடிவு. புரோக்கரிடம் இருந்த கட்டளை அழியவில்லை. இரவு மின்சாரம் போய் இரண்டு மணிக்குத் திரும்ப வந்தது. கருவி விழித்தெழுந்து இணைந்ததும், மாலையில் கொடுத்த 'ஓடு' மறுபடியும் அதன் கைக்கு வந்தது. தொட்டி நிரம்பியதைச் சொல்லவேண்டிய மட்டச் செய்தி, அந்த நேரத்தில் கேட்வே இன்னும் முழுமையாக எழாததால், வரவில்லை. விடியும்வரை தண்ணீர் வழிந்தது. கோடையில், கிணற்று நீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்தில், அந்த ஈரத் தரையைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

நிலையைத் தக்கவைக்கலாம், கட்டளையைத் தக்கவைக்கக் கூடாது. இப்போது கட்டளைகள் தக்கவைக்கப்படுவதில்லை; 2019-இல் வந்த எம்.க்யூ.டி.டி.யின் ஐந்தாம் பதிப்பில் செய்திக்குக் காலாவதி வைக்கும் வசதி இருப்பதால், 30 விநாடிக்குள் சேராத கட்டளை செத்துப்போகும்படி செய்திருக்கிறேன். மட்டச் செய்தி வராவிட்டால் மோட்டாரைக் கருவி தானே நிறுத்திவிடும். இன்னொன்று: எம்.க்யூ.டி.டி.யின் சேவைத் தரம் 0, 1, 2 என மூன்று வகை. 1 என்றால் குறைந்தது ஒரு முறை சேரும் என்று பொருள். இரண்டு முறையும் சேரலாம். எனவே 'நிலையை மாற்று' என்பதுபோன்ற கட்டளை ஆபத்தானது. இரட்டையாக வந்தால் ஓடும் மோட்டார் நின்று மறுபடி ஓடும். 'ஓடு', 'நில்' என்ற கட்டளைகள் எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றே. சரியாக ஒரே முறை சேர்க்கும் தரம் 2-ஐத் தேடிப் போவதைவிட, கட்டளையை இப்படி அமைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

டி.எல்.எஸ். அடுக்கு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருக்கிறதா என்று கருவி பார்க்கவேண்டும். அந்தச் சோதனையை நான் இயக்கி வைத்திருந்தேன். ஆனால் மின்சாரம் போய் வந்தபின், கருவிக்குள் இருக்கும் ஈஎஸ்பி32 சில்லுக்கு இன்றைய தேதி தெரியாது. அதன் கணக்கில் அது 1970 ஜனவரி 1. அந்த நாளில் என் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. முதலில் நேர சர்வரிடம் மணி கேட்டுக்கொண்டு பிறகு இணையவேண்டும் என்று எழுதியிருந்தேன்தான். வீட்டு ரூட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகும் என்பதை நினைக்கவில்லை. கருவி ஒரே ஒரு முறை மணி கேட்டு, பதில் வராமல், விட்டுவிட்டது. வைஃபை குறி முழுதாக இருக்க, கருவி நாள் முழுதும் சர்வரை நம்ப மறுத்துக்கொண்டிருந்தது. அது கண்டிப்பாக நடந்துகொண்டதில் தவறில்லை. மணி கேட்பதை, கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யும்படி மாற்றியதும் சரியாயிற்று. சோதனையையே அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டி, அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையைத் தாக்கியதில், பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தோப்பில் இருக்கும் ஒரு கருவி யாரையும் தாக்காது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

மேகத்தில் இருக்கும் அடுக்கையும் நிரந்தரம் என்று கொள்ளவேண்டாம். கருவிகளை மேகத்தோடு இணைக்கும் தன் ஐ.ஓ.டி. கோர் சேவையைக் கூகுள் 2023 ஆகஸ்ட் 16 அன்று நிறுத்தியது. எம்.க்யூ.டி.டி. போன்ற பொதுத் தரத்தில் பேசிய கருவிகளை வேறு இடத்துக்கு நகர்த்துவது, சிரமமானாலும், முடிந்த காரியம். ஒரே நிறுவனத்தின் நிரல்தொகுப்பில் கீழிருந்து மேல்வரை கட்டியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். சர்வரின் முகவரியைக்கூடக் கருவிக்குள் பொறித்து வைக்காமல், மாற்றக்கூடிய அமைப்பாக வைப்பது நல்லது.

மறுபடி அந்தச் சித்திரைக் காலைக்கு வருகிறேன். 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவர்களுடைய வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு கட்டத்திலும் பொதிகள் (தகவல் துண்டுகள்) சரிபார்க்கப்பட்டன. ஆகவே தகவல் கெடாது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நடுவில் இருந்த ஒரு கேட்வே கணினி, பொதியைத் தன் நினைவகத்துக்குள் நகலெடுக்கும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. கம்பியில் போனது சரி, கணினிக்குள் கெட்டது. இயங்குதளத்தின் மூல நிரல்கள் அதன் வழியே பலமுறை போய்வந்து பழுதாயின. பழைய அச்சுப் பிரதிகளோடு கையால் ஒப்பிட்டுத்தான் அவற்றைத் திருத்தவேண்டியிருந்தது. இரு முனைகளில் இருப்பவர்கள் சரிபார்ப்பதற்கு, நடுவில் உள்ள எந்தச் சரிபார்ப்பும் ஈடாகாது என்று அவர்கள் வாதிட்டார்கள். என் தோப்பில் முனை என்பது மோட்டார் அறைக் கருவி இல்லை. தொட்டிக்குள் விழும் தண்ணீர்தான் முனை.

அதனால் மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தை அளக்கும் சிறு வளையங்களை மாட்டினேன். ரிலே மூடிய பிறகு மூன்றிலும் மின்னோட்டம் வந்தால்தான் 'ஓடுகிறது' என்று கருவி அறிவிக்கும். அதற்கு மேல், பத்து நிமிடத்துக்குள் தொட்டியின் மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். குழாய் உடைந்திருந்தால் மின்னோட்டம் சரியாகவே இருக்கும், தண்ணீர் மட்டும் வேறெங்கோ போகும். கைபேசித் திரையில் முன்பு இருந்த ஒற்றைப் பச்சை விளக்கை எடுத்துவிட்டேன். இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன: கட்டளை போனது, கருவி பெற்றது, மோட்டார் இழுக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. முதல் மூன்று வரிகளும் பழுது பார்க்கும்போது எனக்கு வேண்டியவை. மாமனார் நான்காவது வரியை மட்டும் பார்த்துவிட்டு, கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மட்டை பொறுக்கப் போய்விடுகிறார்.